மூன்றாவது பாதி

களி கிண்டும்போது கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் கட்டி தட்டும், இல்லாவிட்டால் அடிபிடிக்கும். இரண்டு அணிக்கும் சேர்த்து வைத்த செப்பு அண்டாவில் சோளமாவு கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டிருந்த நேரம் அது. சமையல் கொட்டகையின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், என் புருஷன் லோரிஸ் மைதானத்தின் நடுவில் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான்.

"நெரீனா, இதப் பிடி" என்று துடுப்பை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

நெரீனா ஆற்றுக்கு அந்தக் கரைக்காரி. குளிர்காலம் முழுக்க ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறோம். துடுப்பை அவள் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஓடும்போது என்னென்னவோ தோன்றியது. லோரிஸ் கீழே கிடந்து நான் பார்த்ததே இல்லை. விரல் ஒடிந்து பக்கவாட்டில் திரும்பி நின்றபோதுகூட, அதை இன்னொரு விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடியவன். ரக்பியில் அவன் நிற்பது ஸ்க்ரம்மின் முன்வரிசையில். எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் குனிந்து, தலைக்கு நடுவே தலை கோத்து, தோளால் முட்டித் தள்ளுவதுதான் ஸ்க்ரம். அத்தனை பாரமும் முன்வரிசை மூன்று பேர் கழுத்தில் இறங்கும். அங்கே நிற்பவனின் பெண்டாட்டிக்கு முழங்காலைப் பற்றிய பயமெல்லாம் கிடையாது, கழுத்தைப் பற்றிய பயம்தான். முழங்காலைப் பிடித்திருக்கிறான், கை அசைகிறது, கை அசைந்தால் கழுத்து இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சேற்றில் ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ மாட்டிக்கொண்டது. அதை எடுக்கவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் அவனை உள்ளே தூக்கிப்போயிருந்தார்கள். மருத்துவ அறைக் கதவைத் திறந்தேன். லோரிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். முழங்காலில் ஐஸ் இல்லை, கட்டு இல்லை. டாக்டர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். நான் உள்ளே போனதும், அவசர வேலை நினைவுக்கு வந்தவர் போல வெளியே போய்விட்டார்.

குனிந்து அவன் முழங்காலைத் தொட்டேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் தைலம் தேய்க்கிற முழங்கால் அது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

"லோரிஸ்."

அவன் டீயைப் பார்த்தான்.

"லோரிஸ், என் மூஞ்சியப் பாரு."

"கத்தாத, ஒரியெத்தா. வெளிய கேக்கும்."

அப்போதுதான் வெளியே ஆட்டம் முடிந்த விசில் கேட்டது. தொடர்ந்து ஒரு பெரிய சத்தம். அந்த மைதானத்தில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஜெயித்துவிட்டோம். எங்கள் அணி பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஜெயித்துவிட்டோம். நான் ஒரு கால் செருப்போடு நின்று, ஒன்றும் ஆகாத முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது. ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கிளப், அந்தக் கரையில் ஒரு கிளப். பாலத்துக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் கல்யாணம்கூடச் செய்துகொள்ள மாட்டார்கள், அவ்வளவு பகை. போன வருஷம் மெத்தைக் கம்பெனி முதலாளி கஸ்தோனே வந்து இரண்டையும் பிசைந்து ஒன்றாக்கி, தானே பிரெசிடெண்ட் ஆனார். வெளிநாட்டு அணிகளோடு பெரிய போட்டியில் ஆடப்போகிறோம், ஐரோப்பாவே நம்மைப் பார்க்கப்போகிறது என்றார். எங்கள் மஞ்சளும் போனது, அவர்கள் நீலமும் போனது. ஆற்றுச் சேற்று நிறத்தில் ஒரு சட்டை வந்தது. பெயர் ஸ்டோரியோனி. அது இந்த ஆற்றில் ஒரு காலத்தில் இருந்த பெரிய மீனாம். இரண்டு கரையிலும் அந்த மீனை உயிரோடு பார்த்த ஒரு ஆள் கிடையாது. லோரிஸ் பாலாடைக்கட்டி ஆலை வேலையை விட்டான். எல்லாரும் ஏதோ ஒரு வேலையை விட்டார்கள். பிறகு வாராவாரம் தோற்றார்கள்.

ரொட்டிக்கடைக்குப் போனால் கடைக்காரர் ஆரம்பிப்பார். "என்ன ஒரியெத்தா, இந்த வாரம் மீன் என்ன விலை?"

"அம்பத்தாறுக்கு மூணு. ரொட்டியக் குடு."

"நாத்தம் பாலம் வரைக்கும் அடிக்குதே."

"எத்தன பாயிண்ட் வேணா வாங்குவாங்க. ஸ்க்ரம்ல எவனாவது எங்க ஆளுங்கள ஒரு அடி பின்னால தள்ளினானா? அதக் கேட்டுட்டு வந்து பேசு."

அவர் வாயை மூடிக்கொள்வார். ஏனென்றால் அது உண்மை. எங்கள் பையன்களுக்கு ஓடத் தெரியாது, பந்தைப் பிடிக்கத் தெரியாது, பாதிப் பேருக்கு நியூசிலாந்துப் பயிற்சியாளர் பேசுவது புரியாது. ஆனால் தள்ளத் தெரியும். இரண்டு கரையிலும் அந்த ஒன்றுதான் தெரியும். வருஷம் முழுக்க நான் தலை நிமிர்ந்து ரொட்டி வாங்கியது அந்த ஒன்றை வைத்துத்தான்.

"சொல்லு, என்ன நடந்துச்சு?" என்றேன்.

லோரிஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "மூணு பாயிண்ட் முன்னால இருந்தோம். நம்ம கோட்டுப் பக்கத்துலயே ஸ்க்ரம். எனக்கு எதிர்ல நின்ன அந்த வேல்ஸ்காரன், எம்ரிஸ்... மலை மாதிரி இருக்கான், ஒரியெத்தா. போன ஸ்க்ரம்ல என் குதிகால் வழுக்கிச்சு. அடுத்ததுல கோட்டத் தாண்டி ஜெயிச்சிடுவாங்க. எனக்கே தெரிஞ்சுது. தண்ணி குடுக்க வந்தவன் காதுல சொன்னான், பிரெசிடெண்ட் சொன்னாராம். 'கீழ படு'ன்னு."

விஷயம் இவ்வளவுதான். பழகாதவனை முன்வரிசையில் நிறுத்தினால் கழுத்து முறிந்துவிடும் என்பதால் ஒரு விதி உண்டு. முன்வரிசைக்குப் பழகியவர்கள் எல்லாரும் அடிபட்டு வெளியே போய்விட்டால் நடுவர் இனித் தள்ளக் கூடாது என்று சொல்லிவிடுவார். பிறகு ஸ்க்ரம் என்பது சும்மா சாய்ந்து நிற்பது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஏற்கெனவே வெளியே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு உண்மையிலேயே அடி. லோரிஸும் படுத்ததும் வேல்ஸ்காரர்களின் பலம் ஒன்றுக்கும் ஆகாமல் போனது. கழுத்தைக் காப்பாற்ற வைத்த விதி. அதை எடுத்து இப்படிக் கால் துடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

"நீயும் படுத்துட்ட."

"ரோம்ல இருந்து ஃபெடரேஷன் ஆளு வந்திருக்கான். ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலன்னா லைசென்ஸ் போயிடும். எல்லாரும் தெருவுல நிக்கணும். நம்ம டீம்ல ஆடற நெரீனா தம்பி மகனுக்குப் போன மாசந்தான் குழந்த பொறந்திருக்கு. நான் என்ன செய்யணும், சொல்லு. அழகாத் தோத்துட்டு வரணுமா?"

அவன் கேட்டது நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் கோபம். "நான் உன் கழுத்து ஒடிஞ்சுதுன்னு ஓடி வந்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

கதவு திறந்து கஸ்தோனே வந்தார். கண்ணெல்லாம் ஈரம். கையில் ஒரு ஊன்றுகோல்.

"லோரிஸ், என் ராஜா! ரோம்காரர் சிரிக்கிறாருய்யா, சிரிக்கிறாரு! இந்தா, இத ஊணிக்கிட்டு வா. நேரா சாப்பாட்டுக் கூடாரத்துக்கு. வலது கால்தான? வலதுதான். மறந்துடாத."

"ஊன்றுகோல் பிடிச்சா தட்ட எப்படித் தூக்குவான்?" என்றேன்.

கஸ்தோனே என்னை அப்போதுதான் பார்த்தார். "என்ன தட்டு?"

மெத்தைக்காரருக்குத் தெரியாது. ரக்பிக்கு இரண்டு பாதி என்று ஊர் உலகம் சொல்லும். எங்களுக்கு மூன்று. மூன்றாவது பாதி சாப்பாட்டுக் கூடாரத்தில். அடித்தவனும் அடிபட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், முதல் தட்டை நம் முன்வரிசைக்காரன் தன் கையாலேயே தன்னோடு முட்டியவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டு கரையும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இந்தத் தட்டுதான்.

"வேற யாராவது தூக்கட்டும்மா. அடிபட்ட மனுஷன்" என்றார் கஸ்தோனே.

"வேற யாரும் தூக்க மாட்டாங்க, பிரெசிடெண்ட். களிய நான்தான் பரிமாறப்போறேன். அந்தத் தட்ட வேற எவன் கையிலயும் நான் குடுக்க மாட்டேன்."

லோரிஸ் எழுந்தான். ஊன்றுகோலை வாங்கிக் கட்டிலில் வைத்தான். "நான் தூக்கறேன்" என்றான், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல்.

"நொண்டிக்கிட்டே தூக்கு" என்றார் கஸ்தோனே. "உன் கால நம்பித்தான் எல்லாரும் இருக்கோம்."

நான் அவன் காதருகே போய், "நொண்டினா வீட்டுக்கு வராத" என்றேன்.

கொட்டகைக்குத் திரும்பினேன். நெரீனா அண்டா முன்னால் வேர்த்து நின்றிருந்தாள். களியில் ஒரு கட்டி இல்லை. செய்தி எனக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டிருந்தது.

"படுத்தது உன் புருஷன், ஜெயிச்சது நாம. இப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கற?" என்றாள்.

"உனக்கு வெக்கமா இல்லயா?"

"இருக்கு. ஆனா எங்க வீட்டுல ஒரு கைக்குழந்த இருக்கு." தொத்திறைச்சியை வெட்டி வெட்டி வைத்தாள். கத்தி பலகையில் தேவைக்கு மேல் வேகமாக இறங்கியது. "எங்க அப்பா முன்வரிசைல நின்னவரு. இதப் பாத்திருந்தா உன் புருஷன ஆத்துல போட்டிருப்பாரு. அப்புறம் அவரும் சேந்து குதிச்சிருப்பாரு. போதுமா? கோவத்தக் களில காட்டாத, தட்டு உடையப்போகுது."

கூடாரத்தில் கூட்டம் நெரிந்தது. ரோம்காரர் பூட்ஸில் சேறு படக் கூடாதென்று கஸ்தோனே தரை முழுக்கப் பலகை அடித்திருந்தார். ரோம்காரர் நடு மேசையில் கழுத்தில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் பையன்கள் நுரை ஒயினைத் தலையில் ஊற்றிக்கொண்டு பாடினார்கள். இரண்டு கரைப் பாட்டையும் ஒரே நேரத்தில் பாடினார்கள், சகிக்கவில்லை. வேல்ஸ்காரர்கள் ஒரு ஓரமாக, குளித்துத் தலைவாரி, ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இது நூற்றில் ஒரு மேட்ச்.

லோரிஸ் வந்தான். தட்டில் களியைப் போட்டு, மேலே தொத்திறைச்சியை வைத்துக் கொடுத்தேன். அவன் வெடுக்கென்று வாங்கியதில் கொழுப்பு விளிம்புவரை வந்துவிட்டது.

நடந்தான். முதல் அடி நேராக வைத்தான். இரண்டாவது அடியில் ரோம்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது அடியில் என் புருஷன் வலது காலை இழுத்தான்.

அத்தனை பேர் முன்னால் அவன் நொண்டிக்கொண்டே போகிறான், எல்லாரும் கை தட்டுகிறார்கள், அடிபட்ட காலோடு தட்டுத் தூக்குகிற வீரன் என்று ரோம்காரரும் கை தட்டுகிறார். கஸ்தோனே கண்ணைத் துடைத்தார். பரிமாறும் கரண்டியை அவர் மண்டையில் போட்டால் என்ன ஆகும் என்று நான் உண்மையாகவே யோசித்தேன்.

எம்ரிஸ் எழுந்து நின்றான். லோரிஸ் சொன்னது சரிதான், பெரிய ஆள். காது இரண்டும் லோரிஸின் காது போலவே நசுங்கிக் கிடந்தன. தட்டை வாங்க அவன் கை நீட்டவில்லை. முதலில் தன் நாற்காலியை இழுத்து லோரிஸ் பக்கம் போட்டான். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தான். அதில் ஐஸ் இருந்தது. ரொம்ப நேரமாகவே வைத்துக் காத்திருந்திருக்கிறான், பாதி உருகிச் சொட்டியது.

"நான் தப்பு" என்றான், யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்த எங்கள் பாஷையில். "ஸ்க்ரம்ல நான் உன்ன கீழ இழுத்தேன். கொஞ்சம். முழங்கால்... என்னால. மன்னிச்சுக்கோ, அண்ணே."

கூடாரத்தில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. லோரிஸுக்குப் பாட்டு கேட்டிருக்காது. அவன் கழுத்தின் பின்பக்கம் சிவப்பதை நான் அங்கிருந்தே பார்த்தேன். அந்தக் கழுத்து எனக்குத் தெரியும். என் கோபத்துக்கெல்லாம் அது சிவந்ததில்லை.

தட்டை மேசையில் வைத்தான். ஐஸ் பையை வாங்கவில்லை. நாற்காலியை வலது காலால் உதைத்து ஒதுக்கினான். பக்கத்து பெஞ்சையும் அதே காலால் தள்ளினான், அதிலிருந்த நாலு பேரோடு. பாட்டு நின்றது.

பிறகு குனிந்தான். முதுகைப் பலகை போல நீட்டி, வலது காலைப் பின்னால் ஊன்றி, கையை முன்னால் நீட்டி, தலையைத் தூக்கி எம்ரிஸைப் பார்த்தான். முன்வரிசைக்காரன் ஸ்க்ரம்முக்குக் கூப்பிடுவது அப்படித்தான்.

எம்ரிஸுக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தான். பிறகு ஊன்றியிருந்த முழங்காலைப் பார்த்தான். லோரிஸ் முகத்தைப் பார்த்தான். மறுபடி முழங்காலைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. ஐஸ் பையைக் களித்தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினான்.

"முழங்கால்! டேய், முழங்கால் பாத்து!" என்று கஸ்தோனே ரோம்காரருக்குக் கேட்கும்படி அலறினார்.

முட்டினார்கள். எலும்போடு எலும்பு மோதிய சத்தம் கூடாரம் முழுக்கக் கேட்டது. மேசைமேல் கண்ணாடிகள் ஆடின. ரோம்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, லோரிஸின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மடங்கவில்லை. எம்ரிஸ் பற்களைக் கடித்து அழுத்தினான், இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கிறவனாக இல்லை. லோரிஸின் குதிகால் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது.

"தள்ளுடா!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "லோரிஸ், தள்ளுடா! நாசமாப் போனவனே, தள்ளு!"

நெரீனா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன், திரும்பினால் அவளும் கத்திக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் கீழே ஆணிகள் கிளம்பிப் பலகைகள் விலகத் தொடங்கின. இடுக்கு வழியாக ஆற்றுச் சேறு மேலே பிதுங்கி வந்து, என் புருஷனின் வலது குதிகாலைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது.