தணிக்கையில் தப்பிய வரி

சக்கரபாணிக்கு இரண்டு வேலை. விடியற்காலையில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டுகளைப் பிரித்து ஆட்களிடம் கொடுத்தனுப்புவது ஒன்று. மெட்ராஸ் நாளேடு ஒன்றுக்கு உள்ளூர் நிருபராக இருப்பது இன்னொன்று. முதல் வேலை சோறு போட்டது, இரண்டாவது மரியாதை வாங்கித் தந்தது. எமர்ஜென்சி வந்த பிறகு அந்த மரியாதைக்கும் வேட்டு வைத்துவிட்டார்கள். எழுதியதையெல்லாம் செய்தித்துறை அதிகாரியிடம் காட்ட வேண்டும். அவர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் செய்தி கவர் சாயங்கால பஸ்ஸில் ஏறும். பள்ளிக்கூடப் பையன் வீட்டுப்பாடம் காட்டுவது போல, நாற்பது வயசு ஆள் கையில் காகிதத்தோடு வராந்தாவில் நிற்பதைப் பார்க்கவே சகிக்காது.

எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. டவுனிலிருந்து ஏழு மைலில் இருந்த மேலத்தாங்கல் ஏரிக்கு மேற்கே, மேட்டில், ஒரு பூச்சிமருந்து கம்பெனி இருந்தது. போன வருஷம்தான் மாவிலைத் தோரணமும் மேளமுமாகத் திறந்து வைத்தார்கள். அங்கே கழிவைத் தேக்கி வைத்திருந்த குட்டையின் கரை மழையில் உடைந்து, அத்தனையும் ஏரியில் இறங்கிவிட்டது. முதல் நாள் மீன்கள் மிதந்தன. மறுநாள் மாடுகள் கால் பரப்பி விழுந்தன. மூன்றாம் நாள் மனிதர்கள் வாந்தி எடுத்தார்கள், குளித்தவர்களுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியது. ஏழு பேரை மாட்டுவண்டியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் விவரம் தெரிந்தவர். ஊசி போட்டு ஏழு பேரையும் பிழைக்க வைத்தார்.

சக்கரபாணி அந்த டாக்டரிடம் பேசினான், ஏரிக்கரைக்குப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான், நான்கு பக்கம் எழுதினான். எழுதும்போதே கீழே இருக்கும் ஊர் நினைவுக்கு வந்தது. மேலத்தாங்கல் ஏரி நிரம்பினால் தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழத்தாங்கல் ஏரிக்குத்தான் போகும். கீழத்தாங்கலில் அவன் அக்கா தனம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மச்சான் அப்பாசாமிக்கு அங்கே இரண்டு காணி நிலம். அவர்கள் மகள் சந்திரகலாவுக்குப் பத்து வயசு. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள், பேப்பரில் அவன் எழுதிய செய்தி வந்தால் வெட்டி வைத்துக்கொள்வாள்.

அதிகாரி வேணுகோபால் தீபத் திருவிழா ஏற்பாட்டுக்காக டவுன் பங்களாவிலேயே முகாம் போட்டிருந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குரலை உயர்த்தவே மாட்டார். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்து, மடித்து, தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க, சக்கரபாணி. ஆனா தீபத்துக்கு லட்சம் ஜனம் வரப்போகுது. தண்ணியில விஷம்னு ஒரு வரி வந்தா என்ன ஆகும்? பீதி."

"சார், கீழ இருக்கிற ஊருக்காவது சொல்லணுமே. கால்வாய மூடச் சொல்லணும்."

"தண்ணிய சோதனைக்கு அனுப்பியிருக்கோம். ரிசல்ட் வரட்டும்."

ரிசல்ட் வருவதற்குள் ஊர் இருக்குமா? அங்கிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கீழத்தாங்கலுக்கு மிதித்தான். ஊருக்குப் பிரியும் பாதையை மறித்துப் போலீஸ் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கைபோட்டு, வெகு சிநேகமாகச் சொன்னார்.

"வதந்தி பரப்புனா மிசாவுல போயிடுவ, தம்பி. உள்ள போனவன் எப்ப வருவான்னு எனக்கே தெரியாது. வூட்டுக்குப் போ."

போனான். அவனைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த வருஷம் உள்ளே போனவர்களின் வீட்டு வாசல்களைப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அன்று ராத்திரி முழுக்க யோசித்தவனுக்கு ஒரு யுக்தி தோன்றியது. அந்தப் பக்கத்து ஊர்களில் அம்மை கண்டால் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டுவார்கள். தோரணம் கட்டிய ஊரின் தண்ணீரைப் பக்கத்து ஊர்க்காரர்கள் தொட மாட்டார்கள். அங்கிருந்து வரும் வாய்க்கால் மடையைக்கூட மண் போட்டு அடைத்துவிடுவார்கள். இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே தீபத் திருவிழா ஏற்பாடுகளைப் பற்றி ஒரு நீளமான, சாதுவான செய்தி எழுதினான். தற்காலிகப் பந்தல், சிறப்புப் பஸ், விளக்கு வசதி எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "மேலத்தாங்கல் ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருப்பதால், அவ்வூர் மக்கள் இவ்வாண்டு தீபத்துக்கு வரமாட்டார்கள் என்று தெரிகிறது." ஊரில் தோரணமே கிடையாது. அவன் எழுதிய ஒரே பொய் அதுதான்.

வேணுகோபால் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ஓரத்தில் கையெழுத்து விழுந்தது. சாயங்கால பஸ்ஸில் கவர் ஏறியபோது அவனுக்கு இருந்த குஷியைச் சொல்லி முடியாது. ராஜாங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று டீக்கடையில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

ஆனால் விஷம் அவனைவிட வேகமாகப் போயிருந்தது. பேப்பர் கீழத்தாங்கல் போய்ச் சேர்ந்த அன்றே அங்கே பத்துப் பேருக்கு வாந்தியும் கொப்புளமும் வந்திருந்தது. டவுனுக்குத் தூக்கிப் போக வண்டி பூட்டிக்கொண்டிருந்தார்களாம். அப்போதுதான் டீக்கடையில் செய்தியை உரக்கப் படித்திருக்கிறார்கள். மேலத்தாங்கலில் அம்மை என்றால், இங்கே வந்திருப்பதும் அம்மைதானே? அம்மை கண்டவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது ஆத்தாவை வாசலோடு விரட்டுவதற்குச் சமம். ஊசி கூடாது, மருந்து கூடாது. வண்டியை அவிழ்த்துவிட்டார்கள். கால்வாயை மறுநாள் காலையில்தான் அடைத்தார்கள். அதற்கு முன், ஏரிக்கரை அம்மன் கோயிலில் பூசை வைத்து, ஏரித்தண்ணீரையே குடம் குடமாக மொண்டு வந்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, நோயாளிகளுக்கு ஊற்றினார்கள். குடிக்கவும் கொடுத்தார்கள்.

நான்கு நாளில் ஆறு பேர் போய்விட்டார்கள். ஐந்தாம் நாள் மதகைத் திறந்து இரண்டு ஏரியையும் வடித்தார்கள், லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. இதெல்லாம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

சக்கரபாணியை வேணுகோபால் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் டைப் அடித்த செய்திக் குறிப்பு இருந்தது. கீழத்தாங்கலில் சின்னம்மையால் ஆறு பேர் இறந்தார்கள், சுகாதாரக் குழு விரைந்தது, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று ஒரு பத்தி. பெரியம்மையை நாட்டைவிட்டே ஒழித்தாகிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் சின்னது.

"இதை நான் அனுப்ப மாட்டேன், சார்."

"ஏன்? அம்மைன்னு முதல்ல எழுதினது நீங்கதானே." வேணுகோபால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நான் கும்பகோணத்துக்காரன்தான். ஆனாலும் வேப்பிலை கட்டினா என்னன்னு எனக்குத் தெரியாதா? அந்த வரிய ஏன் விட்டேன்னு நெனைக்கிறீங்க? இந்த நோய்க்கு எங்களுக்கு வேற ஒரு காரணம் தேவைப்பட்டுது. நீங்களே கொண்டுவந்து குடுத்தீங்க."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னார், அதுதான் கொடுமை. குறிப்பின் கடைசியில் இறந்தவர்களின் பெயர்கள் இருந்தன. நான்காவது பெயர் சந்திரகலா. கீழத்தாங்கல் பாதையை அதுவரை யாரும் திறந்துவிடவில்லை, அவனுக்கு யாரும் ஆள் அனுப்பவும் இல்லை. மருமகள் செத்த சேதியைச் சர்க்கார் டைப் அடித்த காகிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டான் தாய்மாமன்.

மறுநாள் பாதையைத் திறந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. அப்பாசாமி சுவரோரமாகப் படுத்திருந்தான். தனம் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. அம்மை கண்டு போன பிள்ளைக்கு அழக்கூடாது. அழுதால் ஆத்தாவுக்கு ஆகாது. புதைத்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு வந்திருந்தார்கள்.

"வந்துட்டியா," என்றாள். "வண்டியில ஏத்திட்டோம்டா. அவங்கப்பன் புடிவாதமா டவுனுக்குப் போலாம்னுது. பேப்பர்ல நீ எழுதினத படிச்சாங்க. நான்தான் எறக்குனேன். தம்பி எழுதிருக்கான், ஆத்தா வந்துகிறா, எறக்குங்கன்னேன்."

சக்கரபாணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மேலத்தாங்கல் ஜனங்க இன்னாமோ சொல்றாங்க," என்றாள் தனம். "தண்ணியில கம்பெனி வெசமாம். அங்க ஆஸ்பத்திரிக்குப் போனதுங்க அத்தினியும் பொழச்சிடுச்சாம். நெசமாடா? ஊசி போட்டிருந்தா இதுவும் பொழச்சிருக்குமா?"

நான்கு பக்கத்தில் எழுதியது முழுவதும் அவன் வாயில் வந்து நின்றது. கம்பெனியின் பெயர், குட்டையின் கரை, டாக்டர் சொன்ன மருந்தின் பெயர், எல்லாம் நின்றது. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையால் வண்டியிலிருந்து இறக்கிய பிள்ளை.

"இல்லக்கா," என்றான். "அதெல்லாம் வதந்தி. ஆத்தாதான் எடுத்துக்கிட்டா."

தனம் தலையை ஆட்டினாள். "அத அப்படியே பேப்பர்லயும் போட்டுடுடா," என்றாள். "நீ எழுதினா நாலு பேரு நம்புவாங்க."

டவுனுக்குத் திரும்பியவன் அந்தச் செய்திக் குறிப்பைக் கவரில் போட்டு, சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுத்தான்.