அக்தர் பானுவின் கைவேலை

யஹ்யா கொக்கி ஊசியில் பின்னுவார் என்பது அவருடைய மனைவி அக்தர் பானுவுக்கும் மகள் ரைஹானத்துக்கும் மட்டும்தான் தெரியும். பேட்டையில் வேறு யாருக்கும் தெரியாது. டவுனில் நூல் வாங்கும் கடையில்கூட, "வீட்டுல பின்னுதாங்க" என்றுதான் சொல்லி வைத்திருந்தார். முதல் பொய் அவர் சொன்னதுதான். பின்னால் அதைப் பல தடவை நினைத்துப் பார்த்தார்.

சவூதியில் தம்மாம் நகரத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டுக்கு டிரைவராக இருந்தவர். வண்டி ஓட்டிய நேரத்தைவிடப் பள்ளிக்கூட வாசலிலும் கடை வாசலிலும் காத்துக் கிடந்த நேரம்தான் அதிகம். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், போனில் சண்டை போடுவார்கள். பக்கத்து வீட்டு டிரைவர் இந்தோனேசியாக்காரர், உட்கார்ந்து தொழுகைத் தொப்பி பின்னுவார். அவரிடம் கற்றுக்கொண்டதுதான் இந்த வேலை. கொரோனாவுக்கு அடுத்த வருஷம் ஊரோடு வந்து சேர்ந்தபோது பெட்டியில் ஒன்பது ஊசிகள் இருந்தன. அக்தர் பானு அவற்றைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் வெளிய காட்டிக்கிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவரும் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பின்னறையில் ஜன்னலோரம் உட்காருவார். நூல் சுண்டுவிரலைச் சுற்றி வந்து ஆள்காட்டி விரலில் ஏறி நிற்கும். ஊசி உள்ளே போய் நூலைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். ஒரு கண்ணி தப்பினாலும் பத்து வரிசை தாண்டித்தான் தெரியும். தெரிந்ததும் கொஞ்சமும் சலிக்காமல் பத்து வரிசையையும் பிரித்துப் போடுவார். அவசரப்படுத்த ஆள் இல்லாத வேலை என்று வாழ்க்கையில் அவருக்கு வாய்த்தது இது ஒன்றுதான்.

ரைஹானத் முதல் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்தாள். அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது முக்கூடலில், நூகு என்ற பையனுக்கு. பிள்ளை பிறக்கப்போகிறது என்றதும் யஹ்யாவின் கை பரபரத்தது. நம்ம ஊர் வெயிலுக்கு உல்லன் ஆகாது என்று மெல்லிய பருத்தி நூலாகப் பார்த்து வாங்கினார். இளம்பச்சையில் ஒரு போர்வை, ஓரம் முழுக்கச் சிப்பி சிப்பியாக. அதே நிறத்தில் தொப்பி, காலுறை. இரண்டரை மாதம் ஆனது. ரைஹானத் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "வாப்பா, இந்த மூலை எப்டித் திரும்புது?" என்று கேட்பாள். அவர் செய்து காட்டுவார். அந்த இரண்டரை மாதமும் அவர் யார்மேலும் கோபப்பட்டதில்லை.

ஆண் பிள்ளை பிறந்தது. பதினைந்தாம் நாள் நூகுவின் தாயார் ஆசியா உம்மாள் நாலு பெண்களோடு பார்க்க வந்தார். யஹ்யா சர்பத் தட்டோடு அறை வாசலுக்கு வந்தபோது அந்த அம்மாள் போர்வையைக் கையில் எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை தெரிந்தவர்கள்தான் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படவில்லை.

"கடையில வாங்கினது இல்லையே. யாரு பின்னுனது?"

அக்தர் பானு வாயைத் திறந்தாள். அதற்குள் ரைஹானத் சொல்லிவிட்டாள்.

"உம்மா பின்னுனது, மாமி."

ஆசியா உம்மாள் எழுந்து வந்து அக்தர் பானுவின் இரண்டு கைகளையும் பிடித்து விரல்களில் முத்தமிட்டார். யஹ்யா தட்டோடு நின்றார். மகள் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் பிள்ளையின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வந்தவர்கள் போன பிறகு அவளே அவரிடம் வந்தாள். அந்த வீட்டு ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, ஆம்பளை பின்னுகிறார் என்று ஒரு சொல் கிடைத்தால் வருஷக்கணக்கில் வைத்துச் சிரிப்பார்கள், அவருக்கும் தலைகுனிவாகப் போய்விடும் என்றாள். அவர் என்று அவள் சொன்னது நூகுவை. யஹ்யா "சரிம்மா" என்றார். பிள்ளை அந்தப் போர்வையில்தானே தூங்குகிறது, பேர் யாருடையதாக இருந்தால் என்ன என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் போயிருக்கும். ஆசியா உம்மாளுக்குப் போர்வை மனதில் நின்றுவிட்டது. மக்காவுக்கு உம்ரா போகிற தன் தம்பிக்கு ஒரு தொப்பி பின்னித் தர முடியுமா என்று போனில் கேட்டார். அக்தர் பானு முடியும் என்றாள். பிறகு நாத்தனார் மகளுக்குக் கைப்பை, குர்ஆனுக்கு உறை, சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு. யஹ்யா கதவைச் சாத்திக்கொண்டு பின்னினார். அக்தர் பானு பொட்டலம் கட்டி முக்கூடலுக்குக் கொடுத்துவிட்டாள். பாராட்டு போனில் வரும்போது ஸ்பீக்கரில் போடுவாள், அவரும் கேட்கட்டும் என்று. முதல் சில மாதம் அது அவருக்குப் பிடித்துக்கூட இருந்தது.

பிறகு அவள் ஸ்பீக்கரில் போடுவதை நிறுத்திவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால், மேசை விரிப்பு முடிப்பதற்குள் நாலு நாளாகக் கண் எரிச்சல் என்று சொல்வாள். "இந்தக் கலரு எடுபடாது, பிரிச்சிருங்க" என்று அவரிடமே சொல்வாள். ஒரு நாள் கூடத்தில் ஐந்தாறு பேர் இருக்கும்போது யாரோ, உங்க வீட்டுக்காரர் நூல் சுற்றியாவது கொடுப்பாரா என்று கேட்டார்கள்.

"அவுகளுக்கு ஊசிய எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது" என்றாள் அக்தர் பானு.

எல்லாரும் சிரித்தார்கள். யஹ்யாவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூட லீவுக்கு ஆசியா உம்மாள் தன் மகள் வயிற்றுப் பேத்திகள் இரண்டு பேரைப் பேட்டைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். பத்து நாள் தங்கி இந்த வேலையைக் கற்றுக்கொள்ளட்டும் என்று. அக்தர் பானுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. யஹ்யாதான், நான் சொல்லித் தருகிறேன், மூன்று நாளில் சங்கிலிக் கண்ணி போட வந்துவிடும் என்றார். மூன்று சாயங்காலம் அவளுடைய விரல்களைப் பிடித்து ஊசியில் வைத்தார். அவள் நூலை இழுத்த இழுப்பில் கண்ணியெல்லாம் இறுகிப் போனது. மூன்றாம் நாள் ஊசியைத் தூக்கி எறிந்தாள். முக்கூடலுக்குப் போன் போட்டு, மணிக்கட்டில் சகிக்க முடியாத வலி, ஊசி பிடிக்கவே முடியவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆசியா உம்மாள் மறுநாளே காரில் வந்து இறங்கினார். இந்தக் கை சும்மா கிடக்கக் கூடாது என்று, கணவன் மனைவி இருவரையும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் எந்தக் கை என்று கேட்டார். அக்தர் பானு இடது கையை நீட்டினாள்.

"வலது கை" என்றார் யஹ்யா.

டாக்டர் மணிக்கட்டை மடக்கினார், திருப்பினார், அழுத்தினார். வலிக்கிறதா என்று கேட்ட இடத்திலெல்லாம் வலிக்கிறது என்றாள். விரல் வேலை ஆறு மாதத்துக்குத் தொடவே கூடாது என்று சொல்லி, பூசுவதற்கு ஒரு மருந்து எழுதினார். வெளியே வந்ததும் ஆசியா உம்மாள் யஹ்யாவின் பக்கம் திரும்பினார். அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது. அவரிடம் கள்ளமில்லை.

"நீங்கதான் பாத்துக்கிடணும். ஊசிய அவ தொட்டுறாம."

"தொட மாட்டா, லாத்தா. அதுக்கு நான் பொறுப்பு."

வீட்டுக்கு வந்ததும் அக்தர் பானு ஊசிகளையும் மிச்ச நூலையும் ஒரு பையில் அள்ளிப் பரணில் போட்டாள். இனி இந்த வீட்டிலிருந்து ஒரு நூல் வெளியே போனாலும் மானம் போய்விடும் என்றாள். யஹ்யா, நான் யாருக்கும் கொடுக்கவில்லை, அறைக்குள் இருந்து சும்மா பின்னிக்கொள்கிறேனே என்றார்.

"யாருக்கும் குடுக்காம, பின்னி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

அவள் வம்புக்குக் கேட்கவில்லை. யஹ்யா யோசித்துப் பார்த்தார். கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவர் தனக்கென்று ஒன்றும் பின்னியதில்லை. யாருடைய தலைக்கு, யாருடைய தோளுக்கு என்று தெரியாமல் முதல் கண்ணி போட அவருக்கு வராது. பரணில் ஏணி போட்டு ஏற அவருக்குத் தடை ஒன்றும் இல்லை. ஏறவில்லை.

அதற்குப் பிறகு அஸர் முடிந்ததும் சந்தைமுக்கில் ஒரு டீக்கடையில் போய் உட்காரப் பழகிக்கொண்டார்.

பிள்ளைக்குப் பத்து மாதம் ஆனபோது ரைஹானத் போன் செய்தாள். அக்தர் பானு குளித்துக்கொண்டிருந்ததால் யஹ்யா எடுத்தார். பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றாள். அந்தப் பச்சைத் தொப்பி தலைக்குச் சிறுத்துப் போனது, அது இல்லாமல் அவன் தூங்க மாட்டேன் என்கிறான், அதே மாதிரி கொஞ்சம் பெரிசாக ஒன்று வேண்டும் என்றாள். பின்னால் மாமியார் ஏதோ பேசுவது கேட்டது. ரைஹானத் குரலைத் தாழ்த்தி, "வாப்பா, முடியுமா?" என்றாள்.

"ஒங்க உம்மாவுக்குக் கை சரியில்லம்மா" என்றார் யஹ்யா. "ஒனக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் பிள்ளை ஏதோ மழலையில் கத்துவது கேட்டது. குளித்துவிட்டு வந்த அக்தர் பானு, யாரு போன்ல என்று கேட்டாள். ஒன் மக என்று சொல்லி யஹ்யா போனை அவளிடம் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.