குடம் தூக்க வைத்த குரல்

செங்கரட்டூரில் பலவேசத்தின் மைக்செட் ஆட்டோ தெருமுனை திரும்பினால் போதும், வீட்டுக்கு வீடு பாத்திரம் உருளும். 'ஹலோ ஹலோ, பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு' என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பாதிக் குடங்கள் குழாயடிக்கு வந்துவிடும். பன்னிரண்டு வருஷமாகப் பேரூராட்சிக்காக அவர் சொல்லிவந்தது ஒரே ஒரு விஷயம்தான்: நாளை முதல் குடிநீர் வராது, இன்றே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கு ஒருதடவைகூடப் பொய்த்ததில்லை. பலவேசம் வராது என்றால் வராது. ஊரில் அவ்வளவு நம்பிக்கையாக வராமல் இருந்த பொருள் வேறு எதுவும் கிடையாது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஐப்பசி மழையோடு சிக்குன்குனியாவும் வந்து சேர்ந்தது. காய்ச்சல் நாலு நாளில் இறங்கிவிடும், மூட்டுவலி இறங்காது. கடப்பாரையை ஒற்றைக் கையில் தூக்குகிற ஆட்கள் டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்தார்கள். பஸ்ஸில் ஏறக் கால் மடங்காமல் இரண்டு பேர் பக்கத்து ஊர் தேவாரம் வரைக்கும் படியிலேயே நின்றுகொண்டு போனார்கள். ஊரே வலியில் முனகியது. முனகிக்கொண்டே அடுத்தவர் நடக்கிற நடையைப் பார்த்துச் சிரித்தது.

தேனியிலிருந்து சுகாதார ஆய்வாளர் ஞானதுரை டார்ச் லைட்டோடு வந்து இறங்கினார். இந்தக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை, வீட்டுக்குள் சேர்த்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் பிறக்கிறது, அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று ஒரு முழுப்பக்கம் எழுதிக் கொடுத்தார். பலவேசம் அதை மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு, மூன்று மணி நேரம் தெருத்தெருவாகப் பொழிந்து தள்ளினார். 'கொட்டுங்கள் தாய்மார்களே, கொட்டுங்கள்!' என்று சொல்லும்போது அவருக்கே புல்லரித்தது. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வேறு வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ஞானதுரை டார்ச் அடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். குடம் நிறைந்திருந்தது, டிரம் நிறைந்திருந்தது. ஆட்டுக்கல் குழியில் தண்ணீர், தூக்குச்சட்டியில் தண்ணீர், பிள்ளை குளிக்கிற டப்பில் தண்ணீர். ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கின பாயச அண்டாவைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊரில் இத்தனை தண்ணீர் ஒரே நாளில் சேர்ந்ததே இல்லை.

மகிழ்ச்சியாக இருந்தால் அண்ணே என்பதும் கோபம் வந்தால் யோவ் என்பதும் ஞானதுரையின் வழக்கம்.

"யோவ் பலவேசம்! கொட்டச் சொல்லிக் குடுத்தா ரொப்பச் சொல்லிருக்க?"

"சத்தியமாக் கொட்டத்தான் சார் சொன்னேன். தொண்ட கட்டிப்போச்சு."

"வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் பாக்க வர்றாக. அன்னைக்கும் இப்படித்தான் கெடக்கும்னா ஓம் மைக்கு வேண்டாம். தேனியில ஒரு பிள்ள அழகாப் பேசிக் கேசட்டு குடுத்திருக்கு. நீ வாயத் தெறக்காம வண்டிய மட்டும் ஓட்டு."

வாயைத் திறக்காமல் ஆட்டோ ஓட்ட ஊரில் ஆயிரம் பேர் உண்டு. மைக் இல்லாத பலவேசத்தை அவருக்கே அடையாளம் தெரியாது. வீட்டுக்குப் போனால், அடுப்பங்கரை முழுக்க நிறைகுடம். அவர் மனைவி ஜக்கம்மா பெருமையோடு நின்றாள்.

"ஏண்டி, நேத்து நான் மைக்குல என்ன சொன்னேன்?"

"தண்ணி வராதுன்னீக."

"நீ கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? ஒங்க சத்தம் வந்தாக் கை தானாக் கொடத்தத் தூக்குது. மிச்சத்தக் கேட்டுக்கிட்டு நின்னா வரிசையில எடம் போயிராதா?"

பலவேசம் பன்னிரண்டு வருஷமாக ஊர் தன் பேச்சைக் கேட்டது என்று நினைத்திருந்தார். ஊர் கேட்டது அவருடைய ஹலோவை மட்டும்தான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முதலில் சிரிப்புதான் வந்தது. ஜக்கம்மாவும் சேர்ந்துகொண்டாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"சரி, பிடிச்ச தண்ணிய நீங்கள்லாம் எப்பத்தான் கொட்டுவீக?"

"புதுத்தண்ணி வருதுன்னாக் கொட்டுவோம். பழசுமேல புதுச யாராச்சும் ஊத்துவாகளா?"

பலவேசம் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். தண்ணீர் திறந்துவிடுகிற நல்லகண்ணு வால்வு மேட்டில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். முறைப்படி அடுத்த தண்ணீர் சனிக்கிழமைதான். ஆனால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் ஞானதுரை பேரூராட்சி ஆபீசில் பேசி அனுமதி வாங்கினார். வியாழன் காலை ஆறு மணிக்குத் திறப்பதாக முடிவானது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் வருதுன்னு சொல்லி வராமப் போனா, செத்தேன்," என்றார் பலவேசம்.

"ஆறுன்னா ஆறு. நான் என்னைக்கு மாத்துனேன்?" என்றார் நல்லகண்ணு.

புதன் சாயங்காலம் ஆட்டோ கிளம்பியது. இந்தத் தடவை ஹலோ கிடையாது. எடுத்த எடுப்பில் 'வருது, வருது, புதுத்தண்ணி வருது! காலை ஆறு மணிக்கு வருது! பழைய தண்ணியக் கொட்டுங்க, பாத்திரத்தைத் தேச்சுக் கவுத்துங்க!' என்றார். கொசுவைப் பற்றியும் சொன்னார். அந்த இடம் வரும்போது யாரும் வாசலில் இல்லை, எல்லாரும் கொட்டப் போயிருந்தார்கள். தெருவில் கணுக்கால் அளவுக்கு வெள்ளம் ஓடியது. ஊர் முழுக்கத் தேங்காய் நாரின் கரகரச் சத்தம். ஞானதுரை பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, "அண்ணே! பலவேசம் அண்ணே!" என்று அந்தத் தண்ணீரில் துள்ளினார்.

வியாழன் காலை ஆறு. குழாயடியில் பளபளவென்று காலிக் குடங்கள். ஆறு ஐந்து. குழாய் ஒரு தடவை இருமியது. ஆறு பத்து. அந்த இருமலும் இல்லை. ஊரில் காபிக்குக்கூட ஒரு சொட்டு இல்லை, எல்லாவற்றையும் கொட்டியாயிற்று. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பலவேசத்தின் வாசலுக்கு வந்தார்கள்.

அவர் நல்லகண்ணு வீட்டுக்குப் பறந்தார். நல்லகண்ணு கயிற்றுக் கட்டிலில், அலாரம் அடிக்கிற கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். ராத்திரியே காய்ச்சல். கை மடங்கவில்லை, கடிகாரத்தை நிறுத்தக்கூட முடியவில்லை.

"தம்பி, எனக்கும் வந்துருச்சு," என்றார் பரிதாபமாக.

கதை கட்டலாமா என்று பலவேசத்துக்கு ஒரு கணம் தோன்றியது. மோட்டார் ரிப்பேர், கரண்ட் இல்லை, எதையாவது சொல்லலாம். ஆனால் இன்றைக்கு ஒரு பொய் சொன்னால் நாளைக்கு ஹலோகூட மிஞ்சாது. பலவேசம் ஆட்டோவில் ஏறி மைக்கை எடுத்தார். மனப்பாடம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை.

"ஆத்தாமாரே, பலவேசம் பேசுறேன். தண்ணி வரல. நல்லகண்ணு அண்ணனுக்குக் காய்ச்சல், வால்வத் திருப்ப அவருக்குக் கை இல்ல. அவரக் கடிச்ச கொசு எந்த வீட்டு அண்டாவுல பொறந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எங்க வீட்டுதாக்கூட இருக்கலாம். புதுத்தண்ணி பிடிச்சாத் துணிபோட்டு இறுக்கிக் கட்டுங்க, வாரம் ஒருக்காக் கொட்டித் தேச்சிருங்க. இல்லன்னா அடுத்த வாரம் ஒங்க கை. இப்ப, வலி இல்லாத கை யார்ட்டயாச்சும் இருந்தா வால்வு மேட்டுக்கு வாங்க."

தெரு அசையாமல் நின்று கடைசி வார்த்தைவரை கேட்டது. குடத்தில்தான் தண்ணீர் இல்லையே, ஓடுவதற்கு வரிசையும் இல்லையே.

பிறகு நடந்ததை ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். நல்லகண்ணுவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் முன்னால் போனார்கள், பின்னால் இருநூறு குடம். வால்வுச் சக்கரம் துருப்பிடித்த கிழட்டுச் சக்கரம், நல்லகண்ணு சொன்னால்தான் கேட்கும். அவர் கட்டிலில் கிடந்தபடியே, "ஏலே, எடப்பக்கம்! அங்கன இல்ல, இங்கன மிதி! அமுக்கு, அமுக்கு!" என்று கத்தினார். ஜக்கம்மாவும் இன்னும் ஐந்து பெண்களும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சக்கரத்தில் தொங்கினார்கள். ஆறு நாற்பதுக்குச் சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்றியது. தெருவில் குழாய்கள் சீறின. நல்லகண்ணு கை தட்டப் பார்த்து, வலி தாங்காமல் காலை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்தார். பார்த்த நூறு வீட்டில் மூன்றில்தான் கொசுப்புழு. மற்ற வீடுகளில் குடம், டிரம் எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. புழு கிடந்த மூன்றில் ஒன்று பலவேசத்தின் வீடு, ஆட்டோ கழுவுகிற வாளி. ஜக்கம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். கேசட்டை ஞானதுரை பையிலேயே போட்டுக்கொண்டு, "வர்றேண்ணே," என்று தேனிக்குப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பேரூராட்சிக்கு வேறொரு சின்ன அறிவிப்பு இருந்தது. பலவேசம் தெருமுனை திரும்பி, "ஹலோ ஹலோ, பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு," என்றார்.

ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. பெண்கள் வாசலுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். "சொல்லுங்கண்ணே, கேக்குறோம்," என்றாள் ஒருத்தி.

இத்தனை முகங்கள் தன் வாயையே பார்ப்பதைப் பலவேசம் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். சொல்ல வந்தது மொத்தமும் மறந்துபோய், மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.