தாசில்தார் வேஷம்

குன்னத்துப் பக்கம் ஒரு டிவி சீரியல் எடுக்க வந்தார்கள். மக்காச்சோளக் காட்டில் பாடுபடும் ஒரு கறுத்த பெண்ணின் கதை. அதில் கதாநாயகியாக நடிக்க மும்பையிலிருந்து வந்த நேஹாவோ நல்ல சிவப்பு. அவளைக் கறுப்பாக்குவதற்கு, அரியலூரில் பியூட்டி பார்லர் நடத்தும் மேகலாவை அழைத்திருந்தார்கள்.

முதல் நாளே டைரக்டர் இளவரசன் மேகலாவின் கையைக் காட்டி, "இந்தக் கலர்தாம்மா வேணும். இதையே பாத்துப் பூசிடுங்க" என்றார்.

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கல்யாணப் பெண்களை வெளுப்பாக்கிக் கொண்டிருப்பவள் அவள். இப்போது தன் முன்கையை நேஹாவின் கன்னத்தோடு ஒட்டிவைத்து, நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பூசினாள். பத்து மணி வெயிலுக்கெல்லாம் பூச்சு வேர்வையோடு வழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து பூச வேண்டும்.

"அக்கா, நீங்க நடிச்சா டைம் மிச்சம்" என்பாள் நேஹா, தனக்குத் தெரிந்த தமிழில்.

நான்காம் நாள், தாசில்தாராக நடிக்க வேண்டிய நடிகை காய்ச்சலென்று வரவில்லை. இளவரசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மேகலா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"சார், நான் செய்யட்டுங்களா?"

அவர் தயங்கினார். "களையெடுக்கிற கூட்டத்துல வேணா நில்லுங்கம்மா. தாசில்தார்னா கொஞ்சம் கலரா, பளிச்சுனு இருக்கணும்ல?"

மேகலாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தபடியே சொன்னாள்.

"எங்க சின்னம்மா பொண்ணு வளர்மதி தாசில்தாருதாங்க. என்னைவிட ஒரு சுத்து கறுப்பு. அவ போட்ட கையெழுத்து செல்லாதுன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலீங்களே!"

லைட் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். நேஹா கைதட்டினாள். இளவரசன் வசனத் தாளை நீட்டினார்.

புடவை மாற்றி, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து நின்றவளிடம் உதவியாளர் ஒருவர் பவுடர் டப்பாவோடு ஓடிவந்தார்.

"இங்க மேக்கப் நான்தான் பாக்குறேன். அது வேணாம்" என்றாள் மேகலா.

முதல் டேக்கில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் வளர்மதியை நினைத்துக்கொண்டாள். நேஹா நீட்டிய மனுவை வாங்கிப் புரட்டி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "தேதி எங்கம்மா?" என்று கேட்டாள். வசனத்தில் இல்லாத கேள்வி. நேஹா நிஜமாகவே திகைத்து விழித்தாள்.

"அப்படியே இருக்கட்டும்! பிரமாதம்!" என்று கத்தினார் இளவரசன்.

சீரியலில் அந்தக் காட்சி வந்த அன்று மேகலாவின் மாமியார் கலியம்மாள் சொந்தபந்தம் முழுக்க போன் போட்டுச் சொல்லிவிட்டாள். காட்சி முடிந்ததும் வளர்மதி கூப்பிட்டாள்.

"ஏன்டி, நான் அப்படியா மூஞ்சிய வச்சுகிட்டுப் பேசுறேன்?"

"இன்னும் மோசமாப் பேசுவ. நான் கொறச்சுட்டேன்!"

அடுத்த வாரம் பார்லரில் மேகலா ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தபோது இளவரசன் போனில் பேசினார்.

"தாசில்தாரம்மாவ ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சும்மா. இன்னும் பத்து எபிசோடு எழுதியிருக்கோம். வருவீங்களா?"

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு சார். அன்னைக்கு வையுங்க, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, மேகலா அடுத்த புருவத்துக்கு நூலை இழுத்தாள்.