முதுகில் பொத்தான்

மிக்ஸி முதலில் உறுமியது. அப்புறம் முனகியது. மூன்றாம் முறை சத்தமே இல்லை.

"மிஸஸ் டி, கோபி கொன்னுட்டான்!"

"நான் ஒண்ணும் பண்ணலை. அதுவா செத்துப்போச்சு."

கிளெனிஸ் டிரான்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தாள். பிளேடைச் சுற்றி நீல நூல் இறுக்கிக் கிடந்தது. கத்தரி முனையால் நெம்பி எடுத்து, "இன்னும் ரெண்டு குவளை தண்ணி ஊத்தியிருக்கணும் சார். அவசரம்" என்று கோபியைப் பார்த்துச் சொன்னாள். கோபி சாருக்கு எட்டு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதக் குளிரில் ஹார்லி ஃபிளாட் ஊரில் யார் மூக்குதான் ஒழுகவில்லை?

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், என்றோ லாரியில் வந்து இறங்கிய தகர அறைதான் அவளுடைய ராஜ்ஜியம். முப்பத்திரண்டு வருஷமாக ஓவியமும் கைவேலையும் சொல்லிக்கொடுக்கிறாள். இந்தப் பருவத்தில் மூன்றாம் வகுப்புக்குக் காகிதம் செய்வது. போன வியாழக்கிழமை பழைய பருத்தித் துணியைக் கட்டைவிரல் நக அளவுக்கு எல்லோருமாக வெட்டினார்கள். செவ்வாயன்று சோடா உப்புப் போட்டு வேகவைத்தாள். இன்று அரைத்துக் கூழாக்கித் தொட்டியில் கரைத்து, சல்லடை அடித்த மரச்சட்டத்தை முக்கித் தூக்கினால், தண்ணீர் வடிந்து தாள் நிற்கும். அதைக் கம்பளித் துண்டில் கவிழ்த்துக் காயவைத்தால் காகிதம்.

துணி எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வர்ணம் தொடுகிற குழந்தை அப்பாவின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதைப் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டால் பொத்தான் முதுகில் வரும். முழங்கால் வரை தொங்கும். வருஷக் கடைசியில் பாதிப் பேர் எடுத்துப்போக மறந்துவிடுவார்கள். கிளெனிஸ் ஒன்றையும் எறிய மாட்டாள். துவைத்து மடித்துப் பெட்டியில் போடுவாள். அடுத்த வருஷம் சட்டை கொண்டுவராத குழந்தைக்கு உதவும். இப்படியே மூன்று பெட்டிகள் நிறைந்துவிட்டன. மூடிவிட்ட வங்கியின் கோடு போட்ட சட்டை. சின்னத்தைப் பிய்த்தெடுத்த போலீஸ் சட்டை. கால்பந்து கிளப் தலைவரின் வெள்ளைச் சட்டை, அதன் வயிற்றுப் பக்கம் எவனோ வரைந்த ஊதா டைனோசர். எல்லாவற்றுக்கும் மேலாக, பால் தொழிற்சாலையின் வான நீலச் சட்டைகள். பாக்கெட்டில் மஞ்சள் நூலில் ஒரு மாட்டுத் தலை. தொழிற்சாலை மூடி இருபத்தைந்து வருஷமாகிறது. சாயங்காலங்களில் தனியாக இருக்கும்போது கிளெனிஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள், யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று பெட்டியே சொல்லும். மடித்து வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது முழங்காலோடு சேர்ந்து வேறென்னவோ வலிக்கும்.

இந்த வருஷம் பெற்றோர் சங்கம் பிளாஸ்டிக் ஏப்ரன் வாங்கிக் கொடுத்துவிட்டது. பெட்டிகளுக்கு இனி வேலையில்லை. அதனால்தான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. ஊர் அப்பாக்களின் சட்டையெல்லாம் சேர்த்துக் காகிதம்! அடடா, என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

வெட்டும்போது கதை சொல்லிக்கொண்டே வெட்டினாள். காலருக்குள் மார்க்கர் பேனாவில் "ரெனே க." என்று எழுதியிருந்த ஒரு நீலச் சட்டை கைக்கு வந்தது. "இது மெர்வ் கட்ஸோட சட்டை. பால் டேங்கர் ஓட்டினவர். அவர் பொண்ணு ரெனேக்கு அப்ப உங்க வயசு. முதல் நாள் சட்டை இல்லாம வந்துட்டா. அம்மா இல்லாத வீடு. கேட்டுல நின்னு அழறா. மெர்வ் என்ன பண்ணினார் தெரியுமா? டேங்கரை நிறுத்திட்டு, போட்டிருந்த சட்டையை அங்கேயே கழட்டி அவ கையில கொடுத்துட்டு, பனியனோட வண்டி ஏறிப் போயிட்டார்." குழந்தைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

மிக்ஸி மறுபடி உயிர்பிடித்து உறுமத் தொடங்கியபோதுதான் கதவு தட்டப்பட்டது.

நாற்பது வயதுப் பெண். கறுப்புக் கோட்டு. தூங்காத கண்கள்.

"என்னை அடையாளம் தெரியுதா மிஸஸ் டி?"

தெரிந்தது. நெற்றியும் முகவாயும் அப்படியே மெர்வ். "ரெனே! முன்பல் ரெண்டும் இல்லாம ஊஊன்னு விசில் அடிப்பியே!"

ரெனே சிரிக்க முயன்றாள். முடியவில்லை. "அப்பா திங்கட்கிழமை போயிட்டார். ஜீலாங் ஆஸ்பத்திரியில. சனிக்கிழமை அடக்கம்."

கிளெனிஸின் கண் தானாகத் தொட்டிப் பக்கம் ஓடியது. இழுத்துப் பிடித்தாள்.

"என்ன உடுத்தறதுன்னு கேட்டாங்க. தம்பி கோட்டு சூட்டுங்கறான். அந்த மனுஷன் ஜென்மத்துல சூட் போட்டதில்லை. தொழிற்சாலை மூடின அன்னிக்கு மிச்ச யூனிஃபார்ம் எல்லாத்தையும் கொல்லையில போட்டுக் கொளுத்திட்டார், கோவத்துல. ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சிருக்கணும். நான் இங்க விட்டுட்டுப் போனது." அவள் குரல் இறங்கியது. "நீங்க எதையும் எறிய மாட்டீங்களே. மூணு மணி நேரம் அந்த நம்பிக்கையிலதான் ஓட்டிட்டு வந்தேன்."

மிக்ஸியை யாரோ நிறுத்தினார்கள். இருபத்திரண்டு ஜோடிக் கண்கள் கிளெனிஸின் மேல்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ரெனேயின் பார்வை கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. அங்கே ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கெட்டில் மஞ்சள் மாட்டுத் தலை. ரெனே இரண்டே எட்டில் அதை எடுத்து முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அது மெர்வின் சட்டை இல்லை. ராயின் சட்டை.

ராய் டிரான்டர் அதே தொழிற்சாலையில், பால் வண்டிகளை எடைபோடும் எடைமேடையைப் பார்த்தவன். கிளெனிஸின் கணவன். இறந்து நாலு வருஷம். போன வியாழக்கிழமை ஊரில் உள்ள அப்பாக்களின் சட்டையையெல்லாம் வெட்டக் கொடுத்தவள், அந்த ஒன்றை மட்டும் உருவித் தனியே மாட்டிவிட்டாள்.

சொல்லிவிடு என்றது மனசு. எதற்கு என்றும் அதுவேதான் கேட்டது. இவள் நிம்மதியாகப் போகட்டுமே. மெர்வ் நீலச் சட்டையோடு போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? எனக்குத்தானே? கொடுத்துவிட்டுப் போகிறேன். எவ்வளவு சுலபமாக இருந்தது! தியாகம் மாதிரிகூட இருந்தது.

"ரொம்ப நன்றி மிஸஸ் டி" என்று அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ரெனே வெளியே போனாள். படியில் காலடிச் சத்தம் இறங்கியது.

ஹீட்டர் மட்டும் டிக் டிக்கென்றது.

"மிஸஸ் டி." பிரைடி. எதைக் கொடுத்தாலும் லேபிளைப் படித்துப் பார்க்கிற பெண். "அது உங்க வீட்டுக்காரர் சட்டைதானே?"

கிளெனிஸ் காலியான ஆணியைப் பார்த்தாள்.

"முதல்ல அதுல நைலான் கலந்திருக்கு, கூழாகாதுன்னு சொன்னீங்க. நான் பார்த்தேன். நூறு சதவீதம் பருத்தின்னு போட்டிருந்துச்சு. அப்புறம் உங்க வீட்டுக்காரர்துன்னு சொன்னீங்க. இப்ப அவங்க அப்பாதுன்னு சொல்றீங்க."

"நான் சொல்லலை. அவளே எடுத்துக்கிட்டா."

சொன்ன மாத்திரத்தில் அந்தப் பதில் அவளுக்கே கேவலமாகப் பட்டது. தினமும் இந்த அறையில் எத்தனை பேர் இதையே சொல்லி அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்!

"யாரும் எதையும் தொடக் கூடாது!"

அறுபத்தொரு வயதில் அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. ஈரப் புல்லில் ஒரு முறை சறுக்கினாள். வாட்டில் மரத்தடியில் நின்ற வெள்ளைக் கார் பின்னால் வரத் தொடங்கிவிட்டது. கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. சட்டை ரெனேயின் மடியில் இருந்தது.

"காலருக்குள்ள பாரு" என்றாள் கிளெனிஸ், மூச்சு வாங்க.

ரெனே பார்த்தாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"உன் பேரு இருக்கணும். நீதான் எழுதினே. இது ராயோடது. உங்க அப்பாது..." எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முழுவதையும் கொட்டினாள். கத்தரிக்கோல், சோடா உப்பு, மிக்ஸி, தொட்டி.

ரெனே காலரை மடித்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பார்த்தாள்.

"போன வியாழக்கிழமையா?"

"ஆமா."

"அன்னிக்கு அவர் நல்லாப் பேசிக்கிட்டிருந்தார். மத்தியானம் ரெண்டு ஸ்பூன் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்." கொஞ்சம் நிறுத்தி, "எல்லார் வீட்டுச் சட்டையையும் வெட்டினீங்க. உங்க வீட்டுது மட்டும் ஆணியில தொங்குது" என்றாள்.

கிளெனிஸ் கார்க் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

மரத்திலிருந்து ஒரு மாக்பை பறவை இறங்கி வந்து காரின் முன்னால் நடந்து போயிற்று. ரெனே எஞ்சினை அணைத்தாள்.

"இப்ப எங்க இருக்கு?"

இருவரும் உள்ளே வந்தபோது குழந்தைகள் யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை. அதுவே அதிசயம். ரெனே நேராகத் தொட்டிக்குப் போனாள். கோபி குறுக்கே வந்து நின்றான்.

"மேல எதையும் மாட்டாம தொட்டிகிட்ட வரக் கூடாது. மிஸஸ் டி ரூல்."

"டேய், பெரியவங்கடா" என்றது ஒரு குரல்.

"பெரியவங்க மேல கூழ் ஒட்டாதா?"

ரெனே கையிலிருந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். அப்புறம் கிளெனிஸைப் பார்த்தாள். கிளெனிஸ் தலையசைத்தாள். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ரெனே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள், எட்டு வயதுக்காரி மாதிரி. பிரைடி முக்காலியில் ஏறி, ராயின் சட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு, முதுகில் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"உங்க அப்பாதான் அந்த பனியன்காரரா?" என்று கேட்டான் கோபி.

"பனியன்காரரா?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. "கேட்டுல சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டாராமே!" "நாள் பூரா பனியனோட டேங்கர் ஓட்டினாராமே!" "ஐஸ் மழையில!" "ஐஸ் மழைன்னு நான் சொல்லவே இல்லை" என்றாள் கிளெனிஸ். "மேனேஜர் காச்சுகாச்சுன்னு காச்சினாராம். உங்க அப்பா கேட்டுக்கிட்டு சும்மா நின்னாராம், பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்கிட்டு!" என்றான் கோபி.

ரெனே திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. "நாள் பூராவா?"

"ராய் எடைமேடையில பார்த்துட்டு வந்து சொன்னார். பதினாலு பண்ணையில பால் ஏத்திட்டு வந்தாராம். சாயங்காலம் உதடு நீலமா இருந்துச்சாம்."

"வண்டியில இன்னொரு சட்டை இருக்குன்னு சொன்னாரே" என்றாள் ரெனே. "அதனாலதான் நான் வாங்கிக்கிட்டேன். வண்டியில இருக்குன்னுதான் சொன்னார்."

கோபிகூட மூக்கை உறிஞ்சாமல் நின்றான்.

தொட்டிக்குள் கூழ் மங்கிய நீலமாக மிதந்தது. எது வங்கிச் சட்டை, எது டைனோசர், எது மெர்வ் என்று கடவுளாலும் பிரிக்க முடியாது. கோபி மரச்சட்டத்தை அவள் கையில் கொடுத்தான்.

"நேரா முக்குங்க. அடியில போனதும் படுக்க வைங்க. அப்புறம் மெதுவா, மெதூவா மேல. ஆட்டக் கூடாது."

ரெனே முக்கினாள். படுக்க வைத்தாள். தூக்கினாள். தண்ணீர் சலசலவென்று வடிந்தது. சல்லடையின் மேல் வெளிர் நீலத்தில் ஒரு தாள் நின்றது. ஆனால் தூக்கும்போது சட்டம் ஆடிவிட்டது. நடுவில் பிளந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"போச்சு" என்றாள் ரெனே. அவள் கண்ணில் தேங்கி நின்ற நீர் வழியத் தொடங்கியது.

"ஒண்ணும் போகலை" என்றான் கோபி, பெரிய மனுஷத்தனமாக. "அப்படியே தொட்டியில கவுத்துடுங்க. கரைஞ்சுடும். திரும்ப எடுக்கலாம். நான் நாலு வாட்டி கவுத்தேன்."

"சனிக்கிழமைக்குள்ள காயுமா மிஸஸ் டி? அப்பாகூட வெச்சு அனுப்பணும்" என்றாள் ரெனே.

"ஹீட்டர் பக்கத்துல வெச்சு, ஃபேன் போட்டா காயும்" என்றாள் கிளெனிஸ். "நான் பார்த்துக்கறேன்."

ரெனே சட்டத்தைக் கவிழ்த்தாள். தாள் சல்லடையை விட்டு நழுவி, ஒரு கணம் முழுசாகத் தண்ணீரில் படுத்திருந்தது. பிறகு ஓரங்கள் அவிழ்ந்து மேகமாகக் கலைந்தன. நீளமான நீலக் கைகளை முழங்கைக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, அவள் மறுபடி சட்டத்தை நேராகப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினாள். மணிக்கட்டைச் சுற்றி நீலம் திரண்டது.