பேய்க்கு விலாசம் மாறாது

உடுவில் வாசிகசாலையில் பேய்க்கதைகளை நான்கு தட்டாகப் பிரித்து அடுக்கியவள் நான்தான். யாரும் கேட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் செய்திருக்கவும் மாட்டேன். காதல் கதைக்குள் பேயையும் பேய்க்குள் சமையல் குறிப்பையும் கண்டபடி செருகிவிட்டுப் போகிற சனத்தோடு கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டி, நடுவில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன்.

முதல் தட்டு, ஆசை தீராமல் வருபவர்களுக்கு. கல்யாணத்துக்கு முதல்நாள் செத்த பெண், பிள்ளையைத் தூக்காமலே போன தாய். இவர்கள் யாரையும் கடிப்பதில்லை. வந்து வாசலில் நிற்பார்கள், அவ்வளவுதான். இரண்டாம் தட்டு, பழிவாங்க வருபவர்களுக்கு. பழைய பங்களா, பாழுங்கிணறு, வெள்ளைச் சேலை, கொலுசு. செத்த பிறகு கொலுசை எந்தக் கடையில் வாங்குகிறார்கள் என்று ஒரு எழுத்தாளரும் சொன்னதில்லை. மூன்றாம் தட்டு, ஒருநாளும் மனிதராக இருந்திராதவற்றுக்கு: முனி, காட்டேறி, கொள்ளிவாய்ப் பிசாசு. மொழிபெயர்ப்பில் வந்த இரத்தம் குடிக்கிற வெள்ளைக்காரப் பிரபுக்களையும் அங்கேதான் போட்டேன். பிரபு முந்தி மனிதன்தானே, அவனை எப்படி முனியோடு வைக்கலாம் என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சண்டைக்கு வந்தார். மனிதத்தனம் மிச்சமிருந்தால் ஒரு பக்கத்தைக் காட்டுங்கோ, மாற்றி வைக்கிறேன் என்றேன். அவர் இன்னும் காட்டவில்லை.

நான்காவது, பேயே இல்லாத பேய்க்கதை. கடைசி அத்தியாயத்தில் பார்த்தால் சொத்துக்காகச் சித்தப்பா போர்வை போர்த்திக்கொண்டு வந்திருப்பார். அந்த ஏமாற்றுக் கதைகளை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மழைச்சாரல் அடிக்கிற யன்னலோரத் தட்டை அவற்றுக்குக் கொடுத்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் போனது, புதுப் புத்தகம் வருவது நின்றது. குண்டு போடுகிற பொம்மர் விமானம் மேலே சுற்றுகிற காலத்திலும் சனம் வந்து பேய்க்கதைதான் கேட்டது. அது ஏன் என்று எனக்கு விளங்கும். புத்தகத்துப் பேய் சொல்லிக்கொண்டு வரும்: நாய் ஊளையிடும், மல்லிகை மணக்கும், விளக்கு அணையும். பொம்மருக்கு அந்த மரியாதை கிடையாது.

அப்படிக் கேட்டு வந்தவர்களில் ஒருத்தி ஸ்ரெல்லா. பட்டணத்துக் கோட்டையில் நடந்த சண்டையில் கடலோரக் குருநகர்ச் சனம் எல்லாம் எழும்பி ஓடியபோது, அவளும் மாமியார் அருமைநாயகியும் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பின்கொட்டிலில் வந்து தங்கினார்கள். அவளுடைய புருஷன் கனிசியஸ் அதற்குச் சற்று முன்னர் கடலுக்குப் போனவர். போனவர்தான். வள்ளமும் திரும்பவில்லை, உடம்பும் கரை ஒதுங்கவில்லை. கடலில் நேவி நின்றது என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஸ்ரெல்லா புத்தகத்தைக் கொண்டுபோய் அந்த வளவுக் கிணற்றடி வேம்பின் கீழ் இருந்து படிப்பாள். முதல் தட்டை முடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, உதுகளிலை கடலிலை போன ஆக்கள் ஒருத்தரும் இல்லையே.”

“எழுதினவையெல்லாம் தரையிலை இருக்கிற ஆக்கள். கடலுக்கு ஆர் போய்ப் பாத்தது?”

அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்து, அதன் கிழிந்த மட்டையை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்.

“அவர் வாறவர் அக்கா. மத்தியானத்திலை, கிணத்தடிக்கு. முழங்கால் மட்டும் ஈரம். ஒண்டும் கதைக்கமாட்டார். என்னைப் பாத்துக்கொண்டு நிப்பார். பிறகு ஆளைக் காணேல்லை.”

இத்தனை பேயை அடுக்கியவளிடம் ஒருவரும் இப்படி வந்து கதைத்ததில்லை.

“அவர் எந்தத் தட்டு எண்டு சொல்லுங்கோ” என்றாள். “எனக்குக் கெதியாத் தெரியவேணும்.”

விசயம் இதுதான். கார்த்திகை பிறக்குமுன் கத்தோலிக்கர்களான அவர்களுக்கு ஆத்துமாக்களின் திருநாள் வருகிறது. அன்றைய பூசையில் ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்களின் பெயரைப் பங்குச் சுவாமியார் வாசிப்பார். மகனுடைய பெயரைக் கொடுக்க வேண்டும் என்று அருமைநாயகி பிடிவாதமாக நின்றார். பூசை இல்லாமல் கடலில் போன ஆத்துமா கரை ஏறமாட்டாமல் தண்ணீரிலேயே அலையும் என்பது அவருடைய பயம். ஸ்ரெல்லாவின் பயம் வேறு.

“எங்கையாவது ஒரு தீவிலை உயிரோடை இருந்தாரெண்டால்? மறுகரையிலை பிடிபட்டு மறியலிலை இருந்தாரெண்டால்? செத்த ஆக்களோடை பேரை வாசிச்ச உடனை அங்கை அவற்றை மூச்சு நிண்டுபோம். நானே அவரைக் கொன்ற மாதிரி.”

விசர்க்கதை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அந்தச் சொல் உள்ளேயே நின்றுவிட்டது. ஆகவே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.

“நிழல் விழுதோ?”

“வேம்பின்ரை நிழலுக்கை நிக்கிறார். பிரிச்சுத் தெரியேல்லை.”

“கால் நிலத்திலை படுதோ?”

“சேறு ஒட்டியிருக்கு.”

“நீ அந்த நேரம் நித்திரையோ?”

“நித்திரையுமில்லை, முழிப்புமில்லை. கண் திறந்துதான் இருக்கும்.”

அடுத்த நாள் மத்தியானம் நானும் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். வெயில் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி இலைகளில் வழிந்துகொண்டிருந்தது. வாழைக்குப் பாய்ச்சிய தண்ணீர் வாய்க்காலில் நகராமல் நின்றது. காகம்கூடக் கரையவில்லை. திடீரென்று எனக்குக் கடற்பாசி மணத்தது. உடுவிலில் கடல் ஏது? சுற்றிலும் வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தரையும்தான். நான் யாரையும் காணவில்லை. திரும்பி ஸ்ரெல்லாவைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, கை புத்தகத்தில் இருந்தது, ஆனால் அந்த முகம் ஆட்கள் பூட்டிவிட்டுப் போன வீடு மாதிரிக் கிடந்தது. கூப்பிடப் பயமாக இருந்தது. வாய்க்கால் தண்ணீர் அசைந்தது, மணம் போனது, அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

“கண்டனீங்களோ?”

“இல்லை” என்றேன். மணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

வாசிகசாலைக்குத் திரும்பி முதல் தட்டை மறுபடி புரட்டினேன். அப்போதுதான் அது பிடிபட்டது. ஓடிப்போய் அவளிடமே சொன்னேன்.

“இஞ்சை பார் பிள்ளை. ஆசையிலை வாறது எதுவும் இடம் மாறி வந்ததில்லை. எல்லாம் தான் இருந்த வீட்டுக்கு, தன்ரை கிணத்தடிக்குத்தான் வரும். பேய்க்கு விலாசம் மாறாது. கனிசியஸ் உடுவிலைக் கண்ணாலையும் கண்டதில்லை. நீ இஞ்சை வந்ததும் அவருக்குத் தெரியாது. செத்து வாறதெண்டால் குருநகருக்கல்லோ போகவேணும்?”

ஆறுதலாகத்தான் சொன்னேன். இங்கே வருவது அவர் இல்லை, தன் மனம்தான், ஆகவே அவர் சாகவில்லை என்று அவள் எடுத்துக்கொள்வாள் என நினைத்தேன். அவள் எழும்பிச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“அப்ப குருநகருக்குப் போய்ப் பாப்பம்.”

அருமைநாயகியும் அதற்கு ஒத்துக்கொண்டார். “அங்கை அவன் வரேல்லையெண்டால் நான் பேரைக் குடுக்கேல்லை. வந்து நிக்கிறானெண்டால் நீ குடுக்க வேணும்” என்றார். மாமியும் மருமகளும் அத்தனை நாளில் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் அதுவாகத்தான் இருக்கும்.

கோட்டைச் சண்டை புரட்டாசியோடு ஓய்ந்திருந்தாலும் குருநகருக்குச் சனம் திரும்பவில்லை. ஸ்ரெல்லாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு காலையில் வெளிக்கிட்டேன். மருதனார்மடச் சந்தியில் சந்தை கூடியிருந்தது, கத்தரிக்காய்க்காரி எங்களைக் கூப்பிட்டாள். அதற்கப்பால் போகப்போக ஒவ்வொரு சத்தமாகக் குறைந்தது. பட்டணத்தில் கூரையில்லாத கடைகளுக்குள்ளே புல் முளைத்திருந்தது. குருநகர் ஒழுங்கையில் என் சைக்கிள் சங்கிலியின் சத்தம் மட்டும் எங்களோடு வந்தது. வேலிகளில் வலைத்துண்டுகள் காற்றுக்கு மெல்ல எழும்பி மெல்ல இறங்கின. ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது.

வீட்டின் பாதிக் கூரை இல்லை. மழைத்தண்ணீர் நடுவறையில் தேங்கி, அதற்குள் வானம் கிடந்தது. ஸ்ரெல்லா சட்டிபானைகளைத் தொடவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்ச் சுற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் படியில் இருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தது. அவர் வந்துவிடக் கூடாதே என்று ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டேன். அவர் வந்தால் இந்தப் பிள்ளை உடைந்துபோவாள். உள்ளதைச் சொன்னால், எனக்கும் பயம்தான். நேரம் போனது. ஒருவரும் வரவில்லை.

பிறகு வேலிக்கு வெளியே யாரோ இருமுவது கேட்டது. வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே நின்றுவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் அடைக்கலநாதன். அவர் உள்ளே வரவில்லை. ஸ்ரெல்லாவைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு தணிந்த குரலில் என்னைக் கேட்டார்.

“தங்கச்சி, உங்களுக்கும் தெரியுதோ?”

“என்ன?”

“உதிலை கிணத்தடியிலை நிக்கிற பிள்ளையை.”

“தெரியாமல் என்ன? என்ரை சைக்கிளிலைதானே வந்தவள்.”

அவருடைய கை வேலிக்கதியால் தடியை இறுக்கிப் பிடித்தது. ஸ்ரெல்லா திரும்பி, “அண்ணை” என்றாள். அவர் ஒரு அடி பின்னுக்குப் போனார். அவள் கிட்டே போய் அவர் கையைப் பிடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

“நீ மத்தியானம் மத்தியானமா உதிலை வந்து நிக்கிறனி, பிள்ளை. கடலைப் பாத்துக்கொண்டு நிப்பாய். கூப்பிட்டால் திரும்பமாட்டாய். ஒழுங்கையிலை குண்டு விழுந்த அண்டைக்கு நீ செத்துப்போனாய் எண்டு நினைச்சன். சுவாமி வந்தநேரம் உன்ரை ஆத்துமத்துக்கெண்டு பூசை ஒப்புக்குடுத்தனான்.”

“பூசைக்குப் பிறகு நான் வாறது நிண்டிட்டுதோ?”

“இல்லையே. நேற்றும் வந்தனி.”

“அவரைக் கண்டனீங்களோ அண்ணை?”

“கனிசியசையோ? ஒருநாளும் இல்லை.”

ஸ்ரெல்லா அப்படியே மணலில் இருந்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அவள் தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவள் போல மெல்லக் கதைத்தாள்.

“அவர் என்னைத் தேடி அங்கை வாற நேரம், நான் அவரைத் தேடி இஞ்சை வந்திருக்கிறன். அங்கை இருக்கிறது வெறும் உடம்பு. அதுதான் அவர் ஒண்டும் கதைக்காமல் பாத்துக்கொண்டு நிண்டவர்.”

என்னுடைய நான்கு தட்டும் அங்கேயே சரிந்து விழுந்தன. வாசலுக்கு வருகிறவர் செத்திருக்க வேண்டும் என்று என்னுடைய கதைகள் சொன்னதெல்லாம் பொய்யாகிப்போனது. இவள் சாகாமலே வந்திருக்கிறாள். அப்படியென்றால் கனிசியசும் எங்கோ உயிரோடு இருந்துகொண்டே வரலாம், செத்தும் வரலாம். நாங்கள் வந்து ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் சொன்னேன்.

“தெரியும் அக்கா” என்றாள். “ஆனால் ஒண்டு விளங்கியிட்டுது. எனக்குப் பூசை குடுத்தும் நான் சாகேல்லைத்தானே. பேரை வாசிச்சு ஆரும் சாகிறேல்லை. அவர் உயிரோடை இருந்தால் ஒரு குறையும் வராது. இல்லையெண்டால் கரை ஏறட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் அவளே மாமியிடம் போய், “பேரைக் குடுங்கோ மாமி” என்றாள். அருமைநாயகி அவளைக் கட்டிக்கொண்டு குழறி அழுதார். தான் வென்றதற்காக அழவில்லை. மருமகள் மறுக்கிற வரைக்கும் அவருக்கும் மகன் கொஞ்சம் உயிரோடு இருந்திருக்கிறான்.

ஸ்ரெல்லா இன்னொன்றும் கேட்டாள். தன்னுடைய பெயரையும் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் வாசிக்க வேண்டும் என்றாள். சுவாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உயிரோடு இருக்கிறவர்களின் பெயரை அன்று வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். “குருநகரிலை நிக்கிறவள் தனிய நிக்கிறாள் சுவாமி” என்றாள் ஸ்ரெல்லா. அவருக்கு அது விளங்கவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இடம்பெயர்ந்த சனத்துக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் பூசை நடந்தது. நெற்றியில் திருநீற்றோடு நான் பின்வரிசை வாங்கிலில் இருந்தேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மெழுகுதிரிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து எரிந்தன. சுவாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்தார். கடலில் போய்த் திரும்பாதவர்கள் அந்த வருசம் நிறையப் பேர்.

“கனிசியஸ்.”

சுவாமியார் மூச்சு எடுத்தார். அந்த இடைவெளியில் ஸ்ரெல்லா எழும்பி நின்று, பக்கத்து ஆளுக்குச் சொல்வது போலச் சாதாரணக் குரலில் தன் பெயரைச் சொன்னாள்.

“ஸ்ரெல்லா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை நான் அடக்கவுமில்லை. சுவாமியார் அவளைப் பார்த்தார். பிறகு அடுத்த பெயரை வாசித்தார்.

“செபமாலை.”

வாசித்துவிட்டு அவர் நிறுத்தினார். மழை ஓட்டில் விழத் தொடங்கியது. எனக்கு முன்வரிசை வாங்கிலில் ஒரு பெண், மடியில் கிடந்த பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

“சின்னத்தங்கம்” என்று அவளும் தன் பெயரைச் சொன்னாள்.