நாலாவது ஆளுக்கு முதல் பந்து

சதீஸ் பந்தைக் கையில் திணித்தபோதுதான் உதயராஜுக்கு எல்லாம் விளங்கியது.

தீபாவளிப் பகல். தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால், கழிவுநீர்க் காணுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் கிடக்கும் துண்டு நிலத்தில் தாத்தா காலத்திலிருந்து குடும்பமே கிரிக்கெட் ஆடுகிறது. கூரையில் பட்டால் அவுட். காணில் விழுந்தால் இரண்டு ஓட்டம். வீட்டுக்கு வரும் மருமகளுக்கு முதல் பந்தை அவளைக் கட்டுகிறவன்தான் போட வேண்டும். இந்தச் சட்டங்களை இதுவரை யாரும் மீறியதில்லை.

அண்ணன் சதீஸ் அண்ணிக்குப் போட்டான். நான்கு வருடத்துக்கு முன் உதயராஜ் ராகினிக்குப் போட்டான். அவள் அதைக் கூரைக்கு மேலால் ரப்பர் காட்டுக்குள் தூக்கியடித்துவிட்டு, "சேர், போய்ப் பொறுக்கிட்டு வாங்க" என்றாள். அவன் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அன்றிலிருந்து மட்டை பிடிக்கும் நாலாவது ஆள் அவள்தான்.

இந்த மார்ச்சில் அவளுக்கு டெங்கு. ஐந்து நாள். அவ்வளவுதான்.

இப்போது அவள் இடத்தில் மட்டையோடு நின்றவள் டிலானி. அம்மா பெல்மதுளையிலிருந்து விருந்துக்கு அழைத்திருந்த தூரத்துச் சொந்தம்.

"நாலாம் நம்பர் சும்மா தானே கெடக்கு. போடு தம்பி," என்றான் சதீஸ்.

அண்ணி வாயைப் பொத்திச் சிரித்தாள். அம்மா பலகாரத் தட்டோடு வந்து நின்றாள். முழங்கால் வலியென்று மூன்று வருடமாக எழும்பாத அப்பா, கோழிக்கூட்டுப் பக்கம் பீல்டிங் நின்றார்.

எல்லாரும் பேசி வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பந்து, ரப்பர் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டிச் செய்தது. உருட்டியவள் ராகினி. அவனுடைய அலுமாரியிலிருந்து கேட்காமல் எடுத்திருக்கிறார்கள்.

"டிலானி, இந்தப் பந்த நான் போட்டா நீங்க எனக்குப் பொஞ்சாதி. இது இந்த வீட்டுச் சட்டம். ஒங்களுக்குச் சொன்னாங்களா?"

அவள் முகம் சிவந்தது. "தீவாளிக்குச் சாப்பிட வரச் சொன்னாங்க." மட்டையைச் சதீஸின் காலடியில் போட்டாள். "வெக்கமா இல்லையா அண்ணே?"

"ஐயோ, வெளையாட்டுக்குத் தானே!"

"வெளையாட்டுன்னா நீ போடு," என்று உதயராஜ் பந்தை நீட்டினான்.

அண்ணியின் சிரிப்பு நின்றது. சதீஸின் கை எழும்பவில்லை.

உதயராஜ் பந்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தான்.

"பந்தக் குடுத்துட்டுப் போடா!" அப்பா கத்தினார். "அஞ்சாவது ஆள் நிக்கிது!"

"தோட்டத்துல ஒட்டுப்பாலுக்கா பஞ்சம்?" என்றான் திரும்பாமல். "வேற உருட்டிக்கோங்க."